பிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் கறுப்புத் தகடு

பழைய பிலிம் கேமரா ஒன்று வீட்டில் இருந்தால், உள்ளே பிலிம் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு அதன் பின்கதவைத் திறந்து பாருங்கள். கதவின் உட்புறத்தில், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, வழவழப்பான கறுப்புத் தகடு ஒன்று இருக்கும். விரல் நுனியால் அதன் ஓரத்தை மெல்லத் தொட்டால் உள்ளே அமுங்கும். விரலை எடுத்தால் எழும்பி வரும். அதன் முதுகில் மெல்லிய வில்தகடு ஒளிந்திருக்கிறது. பழுது பார்ப்பவர்கள் இதைப் பிரஷர் பிளேட் என்பார்கள். நாம் அழுத்துத் தகடு என்று வைத்துக்கொள்வோம்.

கேமராவைப் பற்றிப் பேசும்போது லென்ஸைப் பேசுகிறோம், ஷட்டரைப் பேசுகிறோம். இந்தத் தகட்டைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. எத்தனை விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும், அது வரையும் படம் தெளிவாகப் பதியுமா, மங்கிப் பதியுமா என்பதைக் கடைசியில் இந்தத் தகடும் அதற்கு எதிரே இருக்கும் நான்கு உலோக வரம்புகளும்தான் தீர்மானிக்கின்றன. எப்படி என்று பார்ப்போம்.

லென்ஸ் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எதிரே இருக்கும் ஒருவரின் கண்ணில் மின்னும் ஒரு சிறு புள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி லென்ஸின் வாய் முழுவதிலும் விழுகிறது. லென்ஸ் அத்தனை ஒளியையும் வளைத்து, பின்பக்கம் ஒரே இடத்தில் சேர்க்கிறது. லென்ஸின் வாயிலிருந்து அந்த இடம் வரை ஒளி ஒரு புனலின் வடிவில் குறுகிக்கொண்டே போகிறது. புனலின் முனை எங்கே முடிகிறதோ அங்கே பிலிம் இருந்தால் புள்ளி புள்ளியாகவே பதியும். பிலிம் சற்று முன்னாலோ பின்னாலோ இருந்தால், முனைக்குப் பதிலாகப் புனலின் குறுக்குவெட்டு பதியும். அது ஒரு சிறு வட்டம். படம் முழுக்க இப்படிப்பட்ட வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது அதை மங்கல் என்கிறோம்.

அந்த வட்டம் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. பிலிம் எவ்வளவு விலகியிருக்கிறதோ அதை அபர்ச்சர் எண்ணால், அதாவது லென்ஸின் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் எஃப் எண்ணால், வகுத்தால் போதும். எண் சிறிதானால் திறப்பு பெரிது. பிலிம் 0.1 மில்லிமீட்டர் விலகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். எஃப் 8 என்று வைத்துப் படம் எடுத்தால் வட்டத்தின் விட்டம் 0.0125 மி.மீ. ஒன்றும் தெரியாது. அதே லென்ஸை எஃப் 1.4 வரை திறந்தால் வட்டம் 0.07 மி.மீ. ஆகிவிடும், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். 35 மி.மீ. பிலிமில் 0.03 மி.மீ. வரையிலான வட்டத்தைக் கண் புள்ளியாக ஏற்றுக்கொள்ளும் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் அளவு. அந்த அளவின்படி, எஃப் 1.4-இல் பிலிம் முன்னாலோ பின்னாலோ 0.04 மி.மீ. மட்டுமே நகரலாம். பிலிமின் தடிமனே சுமார் 0.14 மி.மீ. அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு பிசகினால்கூடப் படம் கெட ஆரம்பிக்கிறது.

இதைக் கேமராவுக்கு வெளியே நிற்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாக விளங்கும். 50 மி.மீ. லென்ஸை வைத்து, 2 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு ஃபோகஸ் செய்கிறீர்கள். உள்ளே பிலிம் 0.05 மி.மீ. மட்டும் லென்ஸின் பக்கம் புடைத்திருக்கிறது. வெளியே தெளிவு விழும் இடம் சுமார் 7.5 சென்டிமீட்டர் பின்னுக்குப் போய்விடும். கண்ணில் வைத்த ஃபோகஸ் காதுப் பக்கம் நகர்ந்துவிடுகிறது! வியூஃபைண்டரில் கண் பளிச்சென்று தெரிந்ததே என்று கேட்டால், ஆமாம், தெரிந்ததுதான். எஸ்.எல்.ஆர். கேமராவில், அதாவது லென்ஸ் வழியே வரும் ஒளியை உள்ளே இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று மேலே திருப்பிவிடும் வகையில், நாம் பார்ப்பது மேலே இருக்கும் ஃபோகஸ் திரையை. கண்ணாடி வழியாகத் திரும்பும் ஒளிக்கு அந்தத் திரை எவ்வளவு தூரமோ, பிலிமும் அதே தூரத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் மொத்த ஏற்பாடும் நிற்கிறது. பிலிம் புடைத்திருக்கிறது என்று திரைக்குத் தெரிய வழியில்லை.

அந்தத் தூரத்தைத் தயாரிப்பாளர்கள் எவ்வளவு கறாராக வைத்திருக்கிறார்கள் பாருங்கள். 1959-இல் வந்த நிக்கான் எஃப் கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து பிலிம் வரை 46.5 மி.மீ. லைக்கா எம் வரிசையில் 27.8 மி.மீ. இவற்றை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை சரிபார்த்துத்தான் கேமரா வெளியே வரும். பல கேமராக்களின் மேல்மூடியில் ஒரு சிறு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் ஒரு கோடும் பொறித்திருக்கும். பிலிமின் தளம் இந்தக் கோட்டுக்கு நேர் கீழே இருக்கிறது என்று அதற்குப் பொருள். வெளியே கோடு போட்டுக் காட்டும் அளவுக்கு அந்தத் தளத்துக்கு மதிப்பு உண்டு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்தத் தளத்தில் உட்கார வேண்டிய பொருள் பிலிம். கண்ணாடித் தகட்டில் படம் எடுத்த காலத்தில் இந்தக் கவலை குறைவு. கண்ணாடி தானாகவே விறைப்பாக நிற்கும். பிலிம் அப்படி நிற்காது. அது மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அதன் ஒரு பக்கத்தில் ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்புகள் பூசப்பட்டிருக்கின்றன. ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சினால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். பிளாஸ்டிக் அந்த அளவுக்கு மாறுவதில்லை. ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் சுருங்காவிட்டால் என்ன ஆகும்? வெயிலில் காயவைத்த அப்பளம் ஓரம் எழும்பி வளைவதைப் பார்த்திருப்பீர்கள். பிலிமும் ஜெலட்டின் பக்கமாக வளையும். இதைத் தணிக்கப் பின்புறமும் ஒரு பூச்சு கொடுப்பது வழக்கம். ஆனாலும் முழுதாகத் தணியாது. போதாததற்கு, பிலிம் மாதக்கணக்கில் உருளைக்குள் இறுகச் சுற்றிக் கிடந்து, அந்தச் சுருளையும் நினைவில் வைத்துக்கொண்டு வெளியே வருகிறது. சுருட்டி வைத்த காலண்டரை மேசையில் விரித்தால் என்ன பாடு படுத்துமோ அதே பாடுதான்.

வளையும் இந்த நாடாவைத் தட்டையாக்க வேண்டும். அதோடு, ஒவ்வொரு படத்துக்கும் அது நகரவும் வேண்டும். இந்த இரண்டாவது தேவைதான் கடினம். தட்டையாக்குவது மட்டும் வேலை என்றால் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து நெருக்கிவிடலாம். நெருக்கினால் இழுக்க முடியாது. இழுத்தால் கீறல் விழும், பிலிமை நகர்த்த அதன் ஓரத்தில் இட்டிருக்கும் துளைகள் கிழியும்.

இப்போது திறந்திருக்கும் கேமராவின் உடல்பக்கத்தைப் பாருங்கள். நடுவே 24 மி.மீ. உயரமும் 36 மி.மீ. அகலமும் உள்ள ஜன்னல். அதன் மேலும் கீழும் பளபளவென்று மெருகேற்றிய வரம்புகள் ஓடுகின்றன. உற்று நோக்கினால் அவை இரண்டு ஜோடிகள் என்பது தெரியும். ஜன்னலை ஒட்டியிருக்கும் உள்ஜோடி சற்றுத் தாழ்ந்திருக்கும். அதற்கு வெளியே இருக்கும் ஜோடி மயிரிழை உயர்ந்திருக்கும். நகத்தை உள்ளிருந்து வெளியே மெதுவாக ஓட்டினால் அந்தப் படி தட்டுப்படும். பிலிமின் ஓரங்கள் உட்காருவது உள்வரம்புகளின்மேல். கதவை மூடும்போது அழுத்துத் தகடு வந்து உட்காருவது எங்கே? பிலிமின்மேல் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் தகடு வெளிவரம்புகளின்மேல் உட்காருகிறது. வில்தகட்டின் பலம் முழுவதையும் வெளிவரம்புகளே வாங்கிக்கொள்கின்றன.

இரண்டு ஜோடிகளுக்கும் உள்ள உயர வித்தியாசம் சுமார் 0.2 மி.மீ. பிலிமோ ஏறக்குறைய 0.14 மி.மீ. ஆக, தகட்டுக்கும் உள்வரம்புக்கும் நடுவே பிலிமைவிடச் சற்றே அகலமான ஓர் இடுக்கு உருவாகிறது. பிலிம் அந்த இடுக்கில் நெருக்கப்படாமல் ஓடுகிறது. ஆனால் விலகிப் போகவும் அதற்கு இடமில்லை. மர மேசையின் இழுப்பறையை நினைத்துப் பாருங்கள். தச்சர் அதன் காடியை மிக இறுக்கமாகச் செதுக்கினால் இழுக்க வராது. தளர்வாகச் செதுக்கினால் ஆடிக்கொண்டே வரும். இங்கே தச்சருக்குக் கிடைத்திருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் ஆறு பங்கு.

இதில் என்னை வியக்க வைப்பது, பிலிமின் வளையும் குணத்தையே இந்த ஏற்பாடு வேலைக்கு எடுத்துக்கொள்வது. பிலிம் ஜெலட்டின் பக்கமாக, அதாவது லென்ஸின் பக்கமாக, வளைய விரும்புகிறது. அப்படி வளையும்போது அதன் இரு ஓரங்களும் முன்னே வந்து உள்வரம்புகளில் முட்டும். நடுப்பகுதி பின்னே போய்த் தகட்டில் முட்டும். ஓரத்தை வரம்பு தடுக்கிறது, நடுவைத் தகடு தடுக்கிறது. வளைய நினைத்த பிலிம் வளைய இடமின்றித் தட்டையாக நின்றுவிடுகிறது. முன்பக்கம் கண்ணாடி எதுவும் தேவைப்படவில்லை.

தகட்டின் பரப்பு வழவழப்பாக இருப்பது பின்புறம் கீறல் விழாமல் இருக்க. கறுப்பாக இருப்பது, பிலிமை ஊடுருவி வரும் ஒளி திரும்பி அடிக்காமல் இருக்க. சில தகடுகளில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். பிலிம் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்ல அவை உதவும்.

எனக்கு இந்தத் தகட்டின்மேல் கவனம் திரும்பியதற்குக் காரணம் ஒரு பழைய எஸ்.எல்.ஆர். கைமாறி வந்த கேமரா. வெயிலில் எடுத்த படங்கள் எல்லாம் கண்ணாடி போல இருந்தன. மாலை வேளையில், அக்கா வீட்டுத் திண்ணையில், லென்ஸை முழுதாகத் திறந்து எடுத்த படங்களில் மட்டும் இடப்பாதி மங்கியிருந்தது. அக்கா தெளிவு, பக்கத்தில் அதே வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தான் மங்கல். லென்ஸ் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் லென்ஸைக் கழற்றித் தம்மிடம் இருந்த வேறொரு கேமராவில் மாட்டிக் கொடுத்து, "இதில் ஒரு ரோல் எடுத்து வாருங்கள் தம்பி" என்றார். அந்த ரோலில் குறை எதுவும் இல்லை. பிறகுதான் என் கேமராவின் முதுகைத் திறந்தார். தகட்டின் இரு பக்கங்களையும் சுண்டுவிரலால் மாறி மாறித் தொட்டுக் காட்டினார். ஒரு பக்கம் துள்ளி எழும்பியது, மறுபக்கம் சோம்பலாக எழும்பியது. எப்போதோ யாரோ துடைக்கிறேன் என்று பலமாக அழுத்தி வில்தகட்டை வளைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் தகடு வெளிவரம்பில் சரியாக உட்காராமல் பிலிம் பின்வாங்கியிருக்கிறது. வெயிலில் எஃப் 11-இல் எடுத்தபோது அந்தப் பிசகு மறைந்திருந்தது, எஃப் 1.4-இல் அம்பலமாகிவிட்டது. மேலே போட்ட கணக்கை அன்று அவர் விரல்நுனியில் நான் பார்த்தேன்.

ஆகவே பின்கதவைத் திறக்கும் போதெல்லாம் இரண்டு காரியங்களில் கவனம் வையுங்கள். தகட்டை அழுத்தித் துடைக்காதீர்கள். ரப்பர் குமிழால் காற்று ஊதினால் போதும். வரம்புகளில் தூசியோ, ஒளி புகாமலிருக்கக் கதவோரத்தில் ஒட்டிய பழைய பஞ்சு உதிர்ந்து பிசுபிசுத்த துணுக்கோ ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு மணல் துகள் தகட்டைத் தூக்கி நிறுத்தவும் போதும், ரோல் முழுக்க நீளமான கோடு கிழிக்கவும் போதும்.

பிலிம் போடும் விதத்திலும் தட்டையாக நிற்பது அடங்கியிருக்கிறது. கதவை மூடியபின், பிலிமைத் திரும்பச் சுற்றும் கைப்பிடியை அம்புக்குறி காட்டும் திசையில் மெல்லத் திருப்புங்கள். உள்ளே தொய்ந்திருக்கும் பிலிம் இறுகி, கையில் ஒரு தடை தெரியும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதன்பின் பிலிமை ஒரு படம் நகர்த்தும்போது அந்தக் கைப்பிடி தானாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால் பிலிம் ஒழுங்காக ஓடுகிறது என்பதும் தெரிந்துவிடும், நீளவாக்கில் தொய்வு இல்லை என்பதும் தெரிந்துவிடும். குறுக்குவாக்கில் வரம்பும் தகடும் பார்த்துக்கொள்ளும். நீளவாக்கில் இந்த இழுவிசைதான் பிலிமை நேராக வைக்கிறது.

35 மி.மீ. பிலிமில் இந்த அளவோடு கதை முடிகிறது. அதைவிட அகலமான 120 என்ற பிலிம் வகைக்கு வந்தால் சிரமம் பல மடங்கு. படத்தின் அளவே 56 மி.மீ.க்கு 56 மி.மீ. பரப்பில் மூன்றரை மடங்குக்கு மேல் பெரிது. ஓரங்களுக்கு நடுவே தாங்குவாரில்லாத இடம் அவ்வளவு அதிகம். இழுத்துப் பிடிக்க ஓரத்தில் பல்துளைகளும் கிடையாது. பிலிமின் முதுகோடு ஒரு காகிதமும் சேர்ந்து ஓடுகிறது. அந்தக் காகிதத்தோடு பிலிம் ஒரு முனையில் மட்டுமே ஒட்டப்பட்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து உருளையில் சுற்றும்போது சுற்றளவு வேறுபடுவதால் நடுவே புடைப்பு உண்டாக வாய்ப்பு உண்டு. 1965-இல் வந்த 220 பிலிமில் நடுப்பகுதிக்குக் காகிதம் இல்லை, ஆகவே மொத்தத் தடிமன் குறைந்தது. இரண்டு வகையும் ஏற்கும் கேமராக்களில் தகட்டை மாற்றி அமைக்க வசதி வைத்தார்கள். 120 போட்டிருக்கும்போது தகடு 220-க்கான நிலையில் இருக்கக் கூடாது. அமைப்பு மாறினால் இடுக்கின் அகலம் மாறும், அதோடு ஃபோகஸும் மாறும்.

இன்னொன்று, பாதை. பார்க்க ஒன்று, படம் எடுக்க ஒன்று என்று இரண்டு லென்ஸ் வைத்த இரட்டை லென்ஸ் கேமராக்கள் பலவற்றில் புது ரோல் அடியில் இருக்கிறது. அங்கிருந்து பிலிம் ஓர் உருளியில் செங்கோணமாக வளைந்து மேலே ஏறித்தான் ஜன்னலுக்கு வருகிறது. பாதி ரோலை எடுத்துவிட்டுக் கேமராவை ஒரு வாரம் அலமாரியில் வைத்தால், உருளியில் வளைந்து நின்ற பகுதி அந்த வளைவைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை பிலிமை நகர்த்தும்போது அந்த வளைவு நேராக ஜன்னலுக்குள் வந்து நிற்கும். 1955-இல் வந்த மினோல்டா ஆட்டோகார்டில் இதற்காகவே பாதையைத் தலைகீழாக்கினார்கள்: புது பிலிம் மேலேயிருந்து நேராக ஜன்னலுக்கு இறங்கும், வளைவு படம் எடுத்த பிறகுதான் வரும். எளிய யோசனை, ஆனால் எவ்வளவு அக்கறை! அந்த வசதி இல்லாத கேமரா வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: 120 ரோலைப் போட்டால் சீக்கிரம் எடுத்து முடித்துவிடுங்கள். பாதியில் நிறுத்த நேர்ந்தால், மறுபடி தொடங்கும்போது வரும் முதல் படத்தில் லென்ஸை முழுதாகத் திறக்காதீர்கள்.

தகடும் வரம்பும் போதாது என்று நினைத்தவர்கள் வேறு வழிகளையும் முயன்றார்கள். ரோலைஃபிளெக்ஸ் கேமராக்களில் பிலிமுக்கு முன்னால் வைக்க ஒரு தட்டைக் கண்ணாடி தனியாகக் கிடைத்தது. பிலிம் அதில் படிந்து நேராக நிற்கும். ஆனால் கண்ணாடியில் ஒரு தூசி விழுந்தால் அது எல்லாப் படங்களிலும் விழும். 1969-இல் நிலவுக்குச் சென்ற ஹாசல்பிளாட் கேமராவிலும் பிலிமை ஒட்டி ஒரு கண்ணாடி இருந்தது. நிலவுப் படங்களில் சிறுசிறு கூட்டல் குறிகள் வரிசையாகத் தெரிகின்றனவே, அவை அந்தக் கண்ணாடியில் பொறித்தவை. மொத்தம் 25, ஒவ்வொன்றுக்கும் இடையே 10 மி.மீ. பிலிம் பிறகு எங்கேனும் சுருங்கியோ நீண்டோ இருந்தால், குறிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து கண்டுபிடித்துவிடலாம். பிலிம் கண்ணாடியில் உரசி நகரும்போது மின்னேற்றம் சேராதிருக்க, கண்ணாடியில் மின்சாரம் கடத்தும் மிக மெல்லிய பூச்சும் கொடுத்திருந்தார்கள்.

விமானத்திலிருந்து நில அளவைக்குப் பிலிமில் படம் எடுத்த கேமராக்களில் ஒரு படம் 23 செ.மீ.க்கு 23 செ.மீ. அத்தனை பெரிய தாளை வில்தகட்டால் அடக்க முடியாது. அங்கே தகட்டில் துளைகள் இட்டு, படம் எடுக்கும் கணத்தில் பின்னாலிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். பிலிம் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். எடுத்ததும் காற்றை விட்டு அடுத்த படத்துக்கு நகர்த்துவார்கள். இதே உத்தியை 35 மி.மீ. கேமராவுக்குள் கொண்டுவந்தது 1990-இல் வெளியான கான்டாக்ஸ் ஆர்.டி.எஸ். 3. ஷட்டர் திறப்பதற்குச் சற்று முன் உள்ளே ஒரு சிறு பம்பு காற்றை இழுத்துப் பிலிமைத் தகட்டில் ஒட்ட வைக்கும். நல்ல வில்தகடும் ஒழுங்கான வரம்பும் இருந்தால் சாதாரண உபயோகத்துக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். என்றாலும் ஒரு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்காகக் கேமராவுக்குள் பம்பு வைத்தவர்களின் பிடிவாதத்தை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

இவ்வளவும் தட்டையான பிலிமைப் பற்றிச் சொன்னேன். எல்லா லென்ஸும் தட்டையான படத்தைத் தருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒற்றைக் கண்ணாடி வைத்த மலிவான லென்ஸில் தெளிவு விழும் பரப்பே கிண்ணம் போல வளைந்திருக்கும். அதில் தட்டையான பிலிமை வைத்தால் நடு தெளிவாகவும் ஓரம் மங்கலாகவும் வரும். 1950-களில் வந்த அக்ஃபா கிளாக் என்ற எளிய கேமராவைத் திறந்து பார்த்தால் பிலிம் ஓடும் வரம்புகளே வில்லாக வளைந்திருப்பதைக் காணலாம். ஒரு முறை எடுத்துவிட்டுக் கொடுத்துவிடும் பிளாஸ்டிக் கேமராக்கள் பலவற்றிலும் அதே வளைவு உண்டு. லென்ஸைத் திருத்தச் செலவு அதிகம். பிலிமை லென்ஸுக்கு ஏற்ப வளைத்துவிடுவது சுலபம்.

எளிய கேமராவுக்கு மட்டும் வந்த யோசனை அல்ல இது. அமெரிக்காவின் பாலோமர் மலையில் 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கி இருக்கிறது. 1949-இல் அதைக் கொண்டு அங்கிருந்து தெரியும் வானத்தைப் பகுதி பகுதியாகப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். அந்த வகைத் தொலைநோக்கியில் தெளிவு விழும் பரப்பு உருண்டை. ஆகவே 14 அங்குலச் சதுரமான மெல்லிய கண்ணாடித் தகடுகளை, உடைந்துவிடாமல், ஒவ்வொன்றாக வளைத்துச் சட்டத்தில் பொருத்தினார்கள். வளைந்த நிலையில் அந்தக் கண்ணாடி விண்மீன்களைப் பதிவு செய்தது. சட்டத்திலிருந்து எடுத்ததும் மறுபடி நிமிர்ந்துகொண்டது.